விழாமல் நடப்பதும் ஒரு பயிற்சியே

விழுந்த ஒருவரிடம் காரணம் கேட்டால், தரை ஈரமாக இருந்தது என்றோ மிதியடி தடுக்கிவிட்டது என்றோதான் பெரும்பாலும் சொல்வார். அது பாதி உண்மைதான். அதே ஈரத்தில் வேறொருவருக்கும் கால் வழுக்கியிருக்கும். ஆனால் மற்றொரு கால் சட்டென முன்னே பாய்ந்து உடலைத் தாங்கிக்கொண்டதால் அவர் விழவில்லை, அந்த நிகழ்ச்சி அவருக்கு நினைவிலும் இல்லை. ஆகவே, தடுக்கக்கூடிய பொருள்களை அகற்றுவதோடு, தடுக்கிய நொடியில் உடலை நிலைநிறுத்தும் திறனையும் நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையான வீழ்ச்சிகள் சுமார் 3.73 கோடி. இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றாலும், அதற்கான அடித்தளம் நடுவயதிலேயே, அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆண்டுகளில் அமைந்துவிடுகிறது.

கண், உட்செவி, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளைச் சேர்த்துத்தான் மூளை உடலை நிமிர்த்தி வைக்கிறது. இருட்டில் நடக்கும்போது தடுமாறுவது இதனால்தான்: மூன்றில் ஒன்று இல்லாமல் போகிறது. நீரிழிவு நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு பாதங்களிலிருந்து வரும் செய்தியும் நலிந்துவிடுவதால், இரவில் விளக்கில்லாமல் எழுந்து நடப்பது அவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானது.

பயிற்சிக்குத் தனி இடமோ கருவியோ தேவையில்லை. அசையாத மேசையொன்றின் அருகில், தேவைப்பட்டால் உடனே பிடித்துக்கொள்ளும் தொலைவில், ஒற்றைக்காலில் பத்து நொடி நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். அது எளிதானபின், ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் அடியெடுத்து நடந்து பாருங்கள். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, தடுமாறும்போது உடலைத் தாங்கும் தொடைத் தசைகளுக்கு வலுவூட்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நடைப்பயிற்சி நல்லதே, ஆனால் அது மட்டும் போதாது.

வீட்டில் பெரியவர் ஒருமுறை விழுந்துவிட்டால், "நீங்கள் எழ வேண்டாம், வேண்டியதை நாங்கள் எடுத்துத் தருகிறோம்" என்று அன்போடு சொல்லி அவரை உட்கார வைத்துவிடுகிறோம். அவருக்கும் அச்சம் இருப்பதால் இணங்கிவிடுகிறார். சில வாரங்களில் தொடைகள் மெலிந்து, நடை சுருங்கி, முன்னைவிட எளிதில் விழும் நிலை வந்துவிடுகிறது. என் கருத்தில், கழற்றிப் போட்ட மிதியடியைவிட இந்த அன்பு அதிகத் தீங்கு செய்கிறது. உட்கார வைப்பதற்குப் பதிலாக, அருகில் துணையாக நின்று அவரையே எழுந்து நடக்கச் செய்வதே சரி.

படுக்கையிலிருந்து எழும்போது இரத்தம் கால்களில் தங்குவதால் தலை சுற்றக்கூடும். உடனே நிற்காமல், விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்கால்களை மேலும் கீழும் அசைத்த பிறகு எழுங்கள். தலைசுற்றல் தொடர்ந்தால், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளிகளோ அதற்கு மேலோ குறைந்தால் அது கவனிக்க வேண்டிய குறையாகும். தூக்க மாத்திரைகள், சில இரத்த அழுத்த மருந்துகள், மயக்கம் தரும் சளி மருந்துகள் ஆகியவையும் தடுமாற்றத்தை உண்டாக்கலாம். அவற்றை நீங்களாகவே நிறுத்தாமல், உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் காட்டி மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். கண்ணாடியையும் மறக்க வேண்டாம்: தூரப்பார்வைக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடி அணிபவர்கள் படியிறங்கும்போது கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதால் படி விளிம்பு மங்கலாகத் தெரியும். தலையைச் சற்றுக் குனிந்து, மேற்பகுதி வழியாகப் படியைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது குளியலறை. துண்டு தொங்கவிடும் கம்பி உடல் எடையைத் தாங்காது; சுவரில் உறுதியாகப் பொருத்திய கைப்பிடிதான் தாங்கும். அடிக்கடி எடுக்கும் பொருள்களை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்துவிட்டால், நாற்காலிமேல் ஏற வேண்டிய தேவையே வராது.

இளையவர்கள் விழுவது பெரும்பாலும் அவசரத்தால்தான்: கைப்பேசியைப் பார்த்தபடியோ, இரு கைகளிலும் சுமையுடனோ படியிறங்குவார்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஏணியைச் சாய்க்கும்போது, நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அதன் அடிப்பகுதி சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும். கைக்குழந்தையை உயரமான இடத்தில் ஒரு நொடிகூடத் தனியே விடாதீர்கள். சன்னலையொட்டி ஏறக்கூடிய இருக்கை எதையும் போடாதீர்கள். குழந்தைகளுக்கான சக்கரம் வைத்த வாக்கர் நடை பழக உதவும் என்று பலரும் நம்பினாலும், படிகளில் உருண்டு விழும் ஆபத்தைக் கருதிக் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்தது.

இவ்வளவுக்குப் பிறகும் விழ நேர்ந்தால் பதறி எழாதீர்கள். கடும் வலி இல்லையென்றால், பக்கவாட்டில் புரண்டு, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து, உறுதியான நாற்காலியை அடையுங்கள். இருக்கையில் கைகளை ஊன்றி, ஒரு பாதத்தை முன்னே தரையில் பதித்து மெல்ல எழுந்து உட்காருங்கள். எழ முடியாவிட்டால் உதவிக்கு அழைத்துவிட்டு அசையாமல் காத்திருங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் அடிபட்டிருந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.