கைவிட்ட வயலை மறுபடி தரவையாக்க

விதைக்க ஆளில்லாமல் கிடக்கும் வயல் யாழ்ப்பாணத்தில் நிறைய உண்டு. உங்களிடம் நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர் அளவு, இருந்தால்கூடப் போதும், அதைத் தரவையாக, அதாவது மாரியில் தண்ணீர் நிற்கும் திறந்த புல்வெளியாக மாற்றி, கோரையும் தவக்கையும் கொக்கும் திரும்பி வர இடம் கொடுக்கலாம். வயற்காணியை வேறு தேவைக்குப் பாவிக்க 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் முதலில் கமநல சேவை நிலையத்தில் போய்ப் பேசிவிடுங்கள்.

முதல் வேலை, மழையில் நனைவது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்யும் நாளில் ஒரு கட்டுக் குச்சியோடு போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வாய்க்காலால் ஓடிப் போகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வாருங்கள்.

இரண்டாவது, அந்த வாய்க்காலை மண் மூட்டை வைத்து அடைத்து, உடைந்த வரம்பைக் கட்டுவது. பக்கத்து வயல் மூழ்காமல் ஒரு ஓரத்தில் தாழ்வாக வழிவாய் விடுங்கள். எங்கள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, நீங்கள் மறிக்கும் மழைநீர் மேல்மண்ணின் உவரைக் கழுவிக்கொண்டு மெல்ல இறங்கி அந்த நன்னீரோடுதான் சேரும். மண் வெள்ளையாகப் பூத்த இடத்தில் உமரி முளைத்தால் பிடுங்க வேண்டாம், அது அந்த மண்ணுக்கே உரிய செடி.

மூன்றாவதுதான் கடினம்: முதல் மாரிக்கு எதையும் நடாதீர்கள், உழவும் வேண்டாம். நான் அவசரப்பட்டு உழுதேன், கிளறிய மண்ணில் காணி முழுக்கப் பார்த்தீனியம் எழும்பியது. அதைப் பூக்க முன்னரே, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும், தோலில் பட்டால் கடிக்கும், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். மற்றபடி மண்ணுக்குள் பழைய விதைகள் கிடக்கின்றன, ஈரம் பட்டால் சில தானாக வரும். புல் மாதிரி ஒன்று வந்தால் அடித்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், மூன்று மூலை தட்டுப்பட்டால் பெரும்பாலும் கோரை. சரி, அதை விட்டுவிடுங்கள்.

அந்த மாரி முடியும்வரை மாடு இறங்கக்கூடாது. கம்பிக்குச் செலவழிக்காமல் கிளுவைக் கதியால், அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத்தடி, நட்டாலே நல்ல வேலி. அடுத்த வருடம் கொஞ்சம் மேயவிடலாம், புல் ஒரேயடியாக வளர்ந்து மூடாது.

மரம் வைக்க ஆசை வரும். நடுவில் வைக்காதீர்கள், தரவை என்றால் வெட்டவெளி. வரம்போரம் மருது, நாவல், புங்கை வைக்கலாம். அப்புறம் ஆவணி, புரட்டாதியில் விழும் பனங்கொட்டையைப் புதைத்துவிடுங்கள், கிழங்குக்கென்று கிண்டிவிடாமல் இருந்தால் சரி.

கோடையில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைக்க வேண்டாம். ஆட்காட்டி வெறும் நிலத்தில்தான் முட்டையிடும், பெரும்பாலும் நாலு, மண் நிறத்தில் கறுப்புப் புள்ளியோடு, காலடியில் கிடந்தாலும் தெரியாது. தலைக்கு மேல் அது கத்திக்கொண்டு சுற்றினால் அப்படியே நின்று, வந்த வழியே பின்வாங்குங்கள்.