முதல் மேடைப் பேச்சு: மூன்று நிமிடங்களுக்குத் தயாராவது எப்படி?

மேடைப் பேச்சைக் கற்க வருபவர்கள் முதலில் கேட்பது, "பயத்தை எப்படிப் போக்குவது?" என்பதுதான். பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் பேச்சு ஒருநாளும் நிகழாது. பேசப் பேசத்தான் அது அடங்கும். எனவே மூன்று நிமிடப் பேச்சு ஒன்றுக்குத் தயாராகும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். மூன்று நிமிடம் போதுமா என்று தோன்றலாம். 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் நகரில், அக்காலத்தின் புகழ்பெற்ற பேச்சாளரான எட்வர்ட் எவரெட் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் எழுந்த அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் இரண்டு மூன்று நிமிடங்களில் முடித்துவிட்டார். இன்றும் எடுத்துப் படிக்கப்படுவது லிங்கனின் பேச்சுதான்.

முதற்படி: சொல்ல வந்ததை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"தூக்கம்" என்பது தலைப்பு, கருத்தன்று. "படுக்கைக்குக் கைப்பேசியைக் கொண்டுபோகாதீர்கள்" என்பதே கருத்து. இந்த வாக்கியத்தோடு ஒட்டாத எதையும், அது எவ்வளவு சுவையான செய்தியாக இருந்தாலும், தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: காதுக்காக எழுதுங்கள்

புதியவர்கள் பெரிதும் சறுக்குவது இங்கேதான். படிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிச் செல்லலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அதிலும் தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், வாக்கியம் நீள நீள, என்ன நடந்தது என்பதை அறியக் கேட்பவர் இறுதிவரை காத்திருக்க நேர்கிறது. "இரவு வெகுநேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உறங்குவதால் மறுநாள் ஏற்படும் சோர்வின் காரணமாக வேலையில் கவனம் குறைகிறது" என்ற வாக்கியத்தில் தாளில் குறை ஏதும் இல்லை. மேடையில் அதையே, "இரவு பன்னிரண்டு மணி. விளக்கை அணைத்தாயிற்று. ஆனால் முகத்தில் மட்டும் வெளிச்சம். காலையில் கண் எரிகிறது, பார்த்த கணக்கையே மறுபடியும் பார்க்கிறோம்" என்று உடைத்துச் சொன்னால், கேட்பவர் அந்த அறைக்குள்ளேயே வந்துவிடுவார்.

மூன்றாம் படி: முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள்

என் முதல் பேச்சை வரிக்கு வரி உருப்போட்டிருந்தேன். "ஆனால்" வரவேண்டிய இடத்தில் "ஆகவே" வந்துவிட்டது. அதன் பிறகு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. தொடக்கத்தின் இரண்டு வாக்கியங்களும் முடிவு வாக்கியமும் மட்டும் மனப்பாடமாக இருந்தால் போதும். நடுப்பகுதிக்கு நான்கைந்து சொற்களைப் பெரிய எழுத்தில் ஒரு கெட்டி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் வேண்டாம். கையின் சிறு நடுக்கத்தையும் அது படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காம் படி: நின்று, வாய்விட்டு ஒத்திகை பாருங்கள்

மனத்துக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகையாகாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறைந்தது ஐந்து முறை பேசுங்கள். ஒரு முறையாவது கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே அந்நியமாக ஒலிக்கும். பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டின் எலும்புகள் வழியாகவும் காதை எட்டுகிறது. பதிவில் அந்தப் பகுதி இல்லாததால் குரல் மெலிந்து கேட்கிறது. மற்றவர்கள் எப்போதும் கேட்டு வருவது அந்தக் குரலைத்தான் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். "வந்து", "அதாவது" என்பவை எத்தனை முறை வருகின்றன என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மேடையில்

நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரப்பதால் வருபவை. இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீளமாக்கினால் படபடப்பு ஓரளவு தணியும். மைக்கை வாயிலிருந்து ஒரு கைப்பிடி தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிப் பிடித்தால் பகர ஒலிகள் வெடிக்கும். உடனே தொடங்கிவிடாமல் இரண்டு நொடி நின்று, ஒரு வாக்கியத்துக்கு ஒரு முகம் என்று பார்த்துப் பேசுங்கள்.

நடுவே சொல் மறந்துபோனால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு அட்டையைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும் அந்த மௌனம் அவையோருக்கு ஒரு சாதாரண இடைவெளிதான்.

முடிவு வாக்கியத்தைச் சொன்னதும் "அவ்வளவுதான்", "ஏதேனும் தவறாகப் பேசியிருந்தால்..." என்று எதையும் ஒட்டவைக்காமல், நன்றி கூறி, ஒரு மூச்சு நின்றுவிட்டு இறங்குங்கள்.