இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் ஒன்றாக வேண்டாம்

ரத்தசோகைக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று என்று இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்குகிற பெண்கள் நிறைய பேர். வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் கால்சியம் கூடவே போனால் இரும்புச்சத்து சரியாக உடலில் சேராது. நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும். குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், தப்பில்லை. டீ, காபி மட்டும் அதோடு கூடவே கூடாது. மலம் கறுப்பாகப் போவது பெரும்பாலும் மாத்திரையால்தான். தார் மாதிரி ஒட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்சியம் அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால், அதில் உள்ள கால்சியம் 500 மி.கி.தான். ஏமாற்று இல்லை, மீதி கார்பனேட்டின் எடை. ஒரு வேளைக்கு இந்த 500 மி.கி.க்கு மேல் போட்டால் உடலில் சேரும் விகிதம் குறையும். கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போடுவது நல்லது.

அப்புறம், தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இந்த இரண்டையுமே அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.