பருவமாற்றத்தைக் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரம் பூத்துக் குலுங்கும்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறோம். பூ உதிர்ந்ததும் அந்தப் பக்கமே போவதில்லை. பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இதுதான். மொட்டு எப்போது கட்டியது, இலை எப்போது கொட்டியது, பிஞ்சு எப்போது பிடித்தது என்பதெல்லாம் யாரும் படம் எடுக்காத நாட்களில் நடக்கிறது. ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட்டால்தான் பருவம் நகர்வதே தெரியும். ஒப்பிட வழியில்லாமல் குறிப்பு எடுப்பதுதான் இங்கே சொல்லப்போகும் பல தவறுகளுக்கும் வேர்.

"இந்தப் பக்கம் புங்க மரமெல்லாம் பூத்துவிட்டது" என்று எழுதி வைத்தால் அடுத்த வருடம் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த மரம்? ஒரே இனத்து மரங்களில் தண்ணீர் பக்கம் நிற்பது ஒரு நாளில் பூக்கும், பாறை மேல் நிற்பது வேறொரு நாளில் பூக்கும். இரண்டு மூன்று மரங்களை மட்டும் தேர்ந்துகொண்டு, வாரம் ஒரு முறை அதே மரங்களைப் போய்ப் பாருங்கள். தளிர், மொட்டு, விரிந்த பூ, காய் இவற்றில் எது இருக்கிறது, கிளைகளில் சுமாராக எத்தனை பங்கு என்று எழுதுங்கள். இல்லாததையும் எழுதுங்கள். 10ஆம் தேதி பூ இல்லை, 17ஆம் தேதி இருந்தது என்றால் பூக்கத் தொடங்கியது இந்த ஒரு வாரத்துக்குள் என்று சொல்லலாம். 10ஆம் தேதிக் குறிப்பு இல்லையென்றால், 17ஆம் தேதி பூ இருந்தது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

வலசைப் பறவைகளுக்கு "முதன்முதலில் பார்த்த தேதி" ஒரு பெரிய பொறி. போன வருடம் மாதம் ஒரு நாள் ஏரிக்குப் போனீர்கள், இந்த வருடம் வாரம் மூன்று நாள் போகிறீர்கள். பறவை அதே நாளில் வந்திருந்தாலும் இந்த வருடக் குறிப்பில் சீக்கிரம் வந்துவிட்டதாகத்தான் இருக்கும். முன்னால் வந்தது பறவையா, நீங்களா? எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு நேரம் நின்றோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இதற்கு விடை கிடைக்கும். அப்புறம், விடியற்காலைக் குறிப்பை உச்சிவெயில் குறிப்போடு ஒப்பிடாதீர்கள். நண்பகலில் பல பறவைகள் வாயைத் திறப்பதே இல்லை.

கையேட்டில் இருக்கும் ஒற்றைப் படத்தை நம்பி இனத்தைத் தவறாகச் சொல்லிவிடுவது பழகியவர்களுக்கும் நடக்கிறது. உண்ணிக்கொக்கு வருடத்தின் பெரும்பகுதி வெள்ளை வெளேர் என்றிருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் காவி கலந்த ஆரஞ்சு நிற இறகுகள் முளைத்து வேறொரு பறவை போலாகிவிடும். மல்லார்டு வாத்தின் ஆணோ, கூடு கட்டும் பருவம் முடிந்ததும் பளபளக்கும் பச்சைத் தலையை உதிர்த்துவிட்டு ஏறக்குறைய பெட்டை போலவே ஆகிவிடும். பறக்கும் இறகுகளும் ஒரே சமயத்தில் விழுவதால் சில வாரங்களுக்கு அதனால் பறக்க முடியாது. அந்த நேரத்தில் குளத்தைப் பார்ப்பவர் "ஆண் ஒன்றுகூட இல்லையே" என்று எழுதிவிடுவார். அலகின் நிறத்தைப் பார்த்தால் போதும். ஆணுக்கு அப்போதும் மஞ்சள்தான், பெட்டைக்கு ஆரஞ்சில் கறுப்புத் திட்டுகள். வெப்ப நாடுகளின் சில பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இப்படி இரண்டு உருவம் உண்டு. மழைக்காலத்தில் வருபவற்றின் இறக்கையின் அடிப்பக்கத்தில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். வறட்சிக் காலத்தில் வருபவற்றில் அவை மங்கிப் புள்ளியாகி, இறக்கை அச்சு அசலாகக் காய்ந்த சருகாகத் தெரியும்.

செடிகளிலும் இதே குழப்பம்தான். மாந்தளிரின் செம்புச் சிவப்பைப் பார்த்து இலை பழுத்துவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: தளிர் துணி போலத் துவண்டு தொங்கும், பழுத்த இலை விறைப்பாக இருக்கும், காம்பைத் தொட்டாலே கழன்றுவிடும். இலையே இல்லாத மரம் பட்டுப்போனது என்று முடிவு கட்டுவதும் அவசரம். வறண்ட மாதங்களில் தண்ணீரை மிச்சம் பிடிக்க இலையைக் கொட்டும் மரங்கள் ஏராளம். இலவம், முருக்கு போன்றவை பூப்பதே மொட்டையாக நிற்கும்போதுதான்.

எல்லாவற்றுக்கும் வெயிலையே காரணம் சொல்வது இன்னொரு வழக்கம். மரம் துளிர்ப்பதையும் புழு பொரிப்பதையும் வெப்பநிலை முன்னே பின்னே தள்ளும். ஆனால் தொலைதூரம் வலசை போகும் பல பறவைகள் கிளம்புவதற்குப் பகல் பொழுதின் நீளமே முக்கியக் குறிப்பு. அது வருடத்துக்கு வருடம் மாறாது. வசந்தம் முந்திக்கொள்ளும் ஆண்டில் பறவை வழக்கமான தேதிக்கு வந்தாலும், குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய புழுக்கள் அதற்குள் தீர்ந்திருக்கலாம். நெதர்லாந்தில் பைட் ஃபிளைகேட்சர் என்ற சிறு பறவைக்கு இது நடந்திருக்கிறது. புழுக்கள் சீக்கிரம் உச்சத்தைத் தொட்டு ஓய்ந்த காடுகளில் அதன் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்தது. வெப்ப நாடுகளில் என்றால், தேதியோடு மழை பெய்த நாளையும் குறிக்காமல் விட்டால் பாதிக் கதை போய்விடும்.

நிலக்காட்சியைப் படம் எடுப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே இடம், அதே நேரம், அதே ஜூம். படத்தின் ஓரத்தில் நகராத பாறை ஒன்று எப்போதும் இருக்கட்டும். பச்சையைத் தூக்கிக் காட்டும் ஃபில்டர்கள் வேண்டவே வேண்டாம்.

சில தவறுகள் குறிப்பேட்டோடு நிற்பதில்லை, உயிரையே வாங்கிவிடும். படம் தெளிவாக வர வேண்டும் என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தால் வெயிலுக்கும் காக்கைக்கும் குஞ்சை எட்ட ஒருசேர வழி கிடைக்கும். இனப்பெருக்கக் காலத்தில் போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டால், எதிரி வந்துவிட்டதாக எண்ணி ஆண் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு வரும். சிறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சை "காப்பாற்ற" எடுத்துப் போகாதீர்கள், பெற்றோர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். அரிய விலங்கின் சரியான இருப்பிடத்தையும் பொதுவில் போட வேண்டாம். இயற்கையில் பார்த்ததைப் பலரும் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளமே அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாக மங்கலாக்கித்தான் காட்டுகிறது.

கடைசியாக, இரண்டு வருடக் குறிப்பை வைத்துக்கொண்டு "பருவநிலை மாறிவிட்டது" என்று தீர்ப்பு எழுதுவது. ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி பூத்த தேதிகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. 2021ல் மார்ச் 26 அன்று அங்கே பூ உச்சத்தை அடைந்தது. அதுவரை பதிவான மிகச் சீக்கிரமான தேதி 1409ஆம் ஆண்டின் மார்ச் 27. ஒரே நாள்தான் வித்தியாசம். 1409ஐ மட்டும் பார்த்தவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார்? சமீபப் பத்தாண்டுகளின் சராசரியே முன்னால் நகர்ந்திருக்கிறது என்பது நீண்ட வரிசையைப் பார்த்தால்தான் புலப்படுகிறது. இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736ல் மரம் துளிர்ப்பதையும் தகைவிலான் பறவை வருவதையும் தவளை கத்துவதையும் எழுதத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் அதை 1958 வரை தொடர்ந்தார்கள்.

அதனால் குறிப்பேட்டில் வெறும் "மார்ச் 12" என்று விட்டுவிடாமல் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். எந்த மரம் என்பதை, உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி இல்லாமல், அந்த இடத்துக்குப் புதிதாக வருபவரும் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதி வையுங்கள்.