கிணற்றுத் தண்ணீர் நாறுகிறதா? பிளீச்சிங் பவுடர் போடும் முன் செய்ய வேண்டியவை

கிணற்றில் நாற்றம் வந்ததும் பலர் ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரை வாங்கி அப்படியே கொட்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் மருந்து வாடை அடிக்கும், அப்புறம் பழைய நாற்றம் திரும்பிவிடும். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

படி 1: கிணறா, தொட்டியா?

வாளி விட்டுக் கிணற்றிலிருந்து நேரடியாக எடுத்து மோந்து பாருங்கள். குழாயில் மட்டும் நாற்றம் என்றால் மேல்தொட்டியைக் கழுவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 2: என்ன மாதிரி நாற்றம்?

அழுகிய முட்டை நாற்றம் என்றால் அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. காற்றுப் படாத அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள சல்பேட்டிலிருந்து இதை உண்டாக்கும். நெடுநாள் இறைக்காத கிணற்றில் இது சகஜம். துரு வாடையும் வாளியில் செந்நிறப் படிவும் இருந்தால் இரும்புச்சத்து. அதற்குப் பவுடர் தீர்வாகாது. மக்கிய வாடைக்கு இலைதழையும் பாசியும் காரணமாகலாம்.

சாக்கடை நாற்றம்தான் ஆபத்தானது. மழைக்குப் பிறகு நாற்றம் கூடுகிறதா, சோப்பு நுரை தெரிகிறதா என்று கவனியுங்கள். உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுடையதும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும். நெல்லிக்கட்டை, சுண்ணாம்பு எதுவும் இதற்கு மாற்றாகாது.

படி 3: இறைத்துத் தூர் வாருங்கள்

மோட்டார் வைத்து இறைத்து, அடிச்சேற்றை வாரி எடுக்க வேண்டும். தயவுசெய்து நீங்களே உள்ளே இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்சிஜன் குறைவைத்தான் காட்டும், விஷவாயுவைக் காட்டாது. டீசல் மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகையே உயிரைப் பறிக்கும். பாதுகாப்புக் கருவிகளோடு வரும் ஆட்களிடமே இந்த வேலையைக் கொடுங்கள். உள்ளே யாராவது மயங்கினால் பின்னாலேயே குதிக்காமல் 112ஐ அழையுங்கள்.

படி 4: பவுடரை அளந்து போடுங்கள்

தண்ணீர் மறுபடி ஊறியதும் கணக்குப் போடுங்கள். எல்லா அளவும் மீட்டரில்:

விட்டம் × விட்டம் × 0.785 × தண்ணீரின் ஆழம் × 1000 = லிட்டர்

1.2 மீட்டர் அகல உறைக்கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 3,400 லிட்டர். நாற்றக் கிருமிகளை ஒழிக்க 1,000 லிட்டருக்கு 150 கிராம், அதாவது இதற்கு அரைக் கிலோ போதும். 33 சதவீத குளோரின் உள்ள புதிய பவுடருக்கான கணக்கு இது. நாள்பட்ட பவுடரில் வீரியம் குறைந்திருக்கும்.

ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆசிட் அருகில்கூட இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

எல்லாக் குழாயிலும் மருந்து வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, 12 மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். செடிகளுக்கும் குளத்துக்கும் அந்தத் தண்ணீர் போகக் கூடாது.

படி 5: பரிசோதனை

மருந்து முழுக்கப் போன பிறகு மாதிரி எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். மாதிரிப் பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முடிவு நன்றாக வந்தால் குடிக்கலாம். ஈ.கோலை மறுபடி தென்பட்டால் கழிவு இன்னும் கலக்கிறது என்று பொருள். கொத்தனாரை அழைத்து செப்டிக் டேங்கைச் சோதியுங்கள்.