பனியன் ஊரில் பணம் முடங்கும்போது ஜூனியர் வக்கீல் என்ன செய்யலாம்

நான் பார் கவுன்சிலில் பதிவு செய்தது 2010-இல். கறுப்புக் கோட்டு உடம்புக்குப் பழகுவதற்குள், 2011 ஜனவரியில், கழிவுநீரை நொய்யல் ஆற்றில் விடும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எங்கள் சீனியர் ஆபீஸுக்குச் சோறு போட்டது கிரயப் பத்திரமும் பேங்க் லோனுக்கான லீகல் ஒப்பீனியனும்தான். இரண்டும் நின்றுபோயின. எனக்குக் கிடைத்துவந்த மாதம் இரண்டாயிரம் ஆயிரமாயிற்று. அப்புறம் 2016-இல் பணமதிப்பிழப்பு, 2020-இல் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் 50 சதவீத வரி. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதிவு செய்து வந்த பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, கேஸே வரமாட்டேங்குது. பேசாம கம்பெனி வேலைக்குப் போயிரட்டுமா?"

போவதானால் போகலாம், தப்பில்லை. ஆனால் கேஸ் இல்லை என்பது பொய். இடம் வாங்குகிறவர்கள் குறைந்திருப்பார்கள். கொடுத்த காசு திரும்பாதவர்கள் கூடியிருப்பார்கள். பெரிய வக்கீல்கள் திரும்பிப் பார்க்காத ஐம்பதாயிரம், எண்பதாயிரம் ரூபாய்ப் பாக்கிகள் இவை. இதில் ஜெயிக்க வாதத் திறமையைவிட நாள் கணக்கு முக்கியம். அதை முதல் வருஷத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

செக் கேஸிலிருந்து தொடங்குங்கள். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பிறகு எதிராளிக்கு 15 நாள் அவகாசம். அதுவும் முடிந்த பின் ஒரு மாதத்துக்குள் கம்ப்ளைன்ட். 15 நாள் முடியுமுன் அவசரப்பட்டுத் தாக்கல் செய்தாலும் நிற்காது.

இதை நான் அடிபட்டுத்தான் படித்தேன். 2013-இல் மங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பவர் டேபிள்காரர் வந்தார். பன்னிரண்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பவர். மளிகைக்கடைப் பையில் டெலிவரி சலான்களைத் திணித்துக் கொண்டுவந்திருந்தார். மேலே 86,000 ரூபாய் செக், அதோடு செக் திரும்பியதற்குப் பேங்க் கொடுத்த ரிட்டர்ன் மெமோ. நோட்டீஸை அன்றைக்கே டைப் செய்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்ததோடு சரி. ஒரு நாள் எதையோ தேடும்போது கையில் தட்டுப்பட்டது. எண்ணிப் பார்த்தால் 33-ஆம் நாள்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் சீனியரிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை, "செக் தேதி என்ன?" என்று மட்டும் கேட்டார். தேதியிலிருந்து மூன்று மாதம் வரை செக் உயிரோடு இருக்கும், அதற்குள் மறுபடி பேங்கில் போடலாம், மறுபடி திரும்பினால் அந்த மெமோவிலிருந்து புதுக் கணக்கு. அப்படிச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே 2012-இல் சொல்லியிருந்தது. செக்குக்கு இன்னும் சில நாள் உயிர் பாக்கியிருந்ததால் நான் தப்பித்தேன். அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கினேன்: கட்சிக்காரர் பெயர், மெமோ தேதி, கடைசி நாள், அதற்கு ஐந்து நாள் முன்னால் சிவப்பு மையில் ஒரு தேதி. போனில் ரிமைண்டர் வைத்தாலும் இந்த நோட்டை விடாதீர்கள். ரிஜிஸ்டர் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. டிராக்கிங்கில் டெலிவரி ஆனதாகக் காட்டும் பக்கத்தை அன்றைக்கே பிரின்ட் எடுத்துக் கேஸ் கட்டோடு சேர்த்துவிடுங்கள்.

செக்கே இல்லாமல் வெறும் பில்லோடு வருகிறவர்களும் உண்டு, இப்போது அவர்கள்தான் அதிகம். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "உத்யம் பதிவு இருக்குதுங்களா?" குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகாமல் இந்தப் பாக்கித் தகராறுகளுக்கென்றே உள்ள வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். அங்கே தோற்றவர் மேலே போக வேண்டுமானால் 75 சதவீதப் பணத்தைக் கட்ட வேண்டும். இதைச் சொன்னதுமே பேச்சுவார்த்தைக்கு வந்த முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஜாப் ஒர்க் தொடங்குவதற்கு முன்பே பதிவு இருந்தால்தான் சிக்கல் இல்லை. அதனால் கேஸ் இல்லாத கட்சிக்காரரையும் இன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள். செலவில்லாத வேலை, உங்கள் பெயரும் அவர் நினைவில் நிற்கும்.

லோன் கட்ட முடியாமல் சர்பாசி நோட்டீஸோடு, அதாவது அடமானச் சொத்தை எடுத்துக்கொள்வோம் என்று பேங்க் அனுப்பும் நோட்டீஸோடு, வருகிறவருக்கு 60 நாள் இருக்கிறது. ஆட்சேபணையை அதற்குள் எழுதிக் கொடுத்தால் பேங்க் 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். சொத்தைக் கைப்பற்றும் நடவடிக்கைக்குப் பிறகு கடன் வசூல் தீர்ப்பாயமான டி.ஆர்.டி.க்குப் போக 45 நாள். தனியாக வாதாடத் தயக்கமாக இருந்தால், ஆட்சேபணையை மட்டும் நீங்கள் நன்றாக எழுதிக்கொண்டு, டி.ஆர்.டி.க்குப் பழகிய ஒருவரோடு சேர்ந்து போங்கள்.

ஜூனியர்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் அடித்திருக்கிறது. 2024 ஜூலை முதல் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. எங்களுக்கு 482-ஆம் பிரிவு என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யும் மனு. இப்போது 482 முன்ஜாமீன், ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. முப்பது வருஷ சீனியரும் பக்கத்துப் பையனிடம் செக்‌ஷன் கேட்கிறார். அந்தப் பையன் நீங்களாக இருங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டைச் சாட்சியமாகக் கொடுக்கப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் சான்றிதழ், அதன் ஏ, பி இரண்டு பகுதிகளோடு, மாதிரி ஒன்று கைவசம் வைத்திருங்கள். இன்னமும் பழைய சட்டத்தின் 65பி என்றே தலைப்புப் போட்டு வரும் சான்றிதழ்களை வாராவாரம் பார்க்கிறேன்.

வருமானத்துக்கு வருவோம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 உதவித்தொகை தரச் சொல்லி 2024-இல் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டிப் பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேளுங்கள், இல்லையென்றால், சொந்தமாகக் கேஸ் எடுக்கும் அனுமதியையாவது கேட்டு வாங்குங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவசச் சட்ட உதவித் திட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் உதவி வக்கீல் இடத்துக்கு மூன்று வருஷத்துக்குக் குறைந்த அனுபவமே போதும். மாதச் சம்பளம், கூடவே ஜாமீன் மனுவும் குறுக்கு விசாரணையும் கைக்கு வரும். கண்ணாடிக் கதவு போட்ட தனி ஆபீஸ் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

பீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கையில் காசில்லாத கட்சிக்காரர், "வசூலானா பத்து பர்சென்ட் எடுத்துக்கோங்க சார்" என்பார். பார் கவுன்சில் விதிப்படி அது கூடாது. நோட்டீஸுக்கு இவ்வளவு, கம்ப்ளைன்டுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு என்று பிரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சேர்ந்தாற்போல் கேட்டால் மிரளுகிறவர், பிரித்துக் கேட்டால் தருவார்.

மங்கலத்துக்காரர் கேஸ் 70,000 ரூபாய்க்கு லோக் அதாலத்தில் முடிந்தது. மீதி பீஸுக்குப் பதிலாக இரண்டு மூட்டை ரிஜெக்ட் டி-ஷர்ட் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்பதற்குள் அம்மா வாங்கி உள்ளே வைத்துவிட்டார். அந்த வருஷம் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரே கிளிப்பச்சைக் கலரில் திரிந்தார்கள்.