ஒரே தாளில் ரெண்டு பக்கம், நாலு பக்கம் பிரிண்ட் எடுப்பது எப்படி?

80 பக்க நோட்ஸை ஒரு பக்கத்துக்கு ரெண்டு வீதம், தாளின் இருபுறமும் அடித்தால் 20 தாளில் வேலை முடிந்துவிடும். தனியாக எந்த மென்பொருளும் வேண்டாம்.

அடோபி ரீடரில் கண்ட்ரோல் பி அழுத்தினால் வரும் பெட்டியில் 'மல்டிபிள்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதைத் தட்டி 'பேஜஸ் பெர் ஷீட்' என்ற இடத்தில் 2 கொடுங்கள். 'பிரிண்ட் பேஜ் பார்டர்' என்பதையும் டிக் செய்துவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றிக் கோடு விழும், படிக்கும்போது குழப்பம் வராது. வேர்டில் பிரிண்ட் திரையின் செட்டிங்ஸில் கடைசியாக '1 பேஜ் பெர் ஷீட்' என்று இருப்பதை மாற்றினால் போதும். குரோமில் 'மோர் செட்டிங்ஸ்' திறந்தால்தான் கண்ணில் படும்.

எத்தனை பக்கம் வைக்கலாம்? இங்கேதான் ஆசையை அடக்க வேண்டும். ஏ4 தாளில் ரெண்டு பக்கம் என்றால் எழுத்து சுமார் 71 சதவீதமாகச் சுருங்கும், 12 பாயிண்ட் எட்டரை ஆகும், தாராளமாகப் படிக்கலாம். நாலு வைத்தால் பாதிக்குப் பாதி, வெறும் 6 பாயிண்ட். ஆங்கிலத்தைக் கண்ணை இடுக்கியாவது ஓட்டிவிடலாம், தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான், அப்புறம் ன எது, ண எது என்று சுழியை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஸ்லைடுகளுக்கு நாலு, ஆறுகூடப் பரவாயில்லை.

வேர்ட் ஃபைல் என்றால் முதலில் லேஅவுட்டில் மார்ஜினை 'நேரோ' ஆக்குங்கள். பக்க எண்ணிக்கையே குறையும்.

பலரும் கோட்டை விடுவது இருபுறமும் அடிக்கும்போது. ரெண்டு பக்கம் வைத்தால் தாள் படுக்கைவாட்டில் வரும், அதனால் 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்' (தாளைக் குறுகிய விளிம்பு வழியாகத் திருப்புவது) கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக விழும். நாலு பக்கம் என்றால் வழக்கம்போல 'லாங் எட்ஜ்'. சந்தேகமாக இருந்தால் முதல் 4 பக்கத்தை (நாலு வைப்பதென்றால் 8) மட்டும் அடித்துப் பாருங்கள், ஒரே தாள்தான் செலவு.

ஜெராக்ஸ் கடையில் எடுப்பவர்கள், கூட்டத்தில் நின்றுகொண்டு கடைக்காரருக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. வீட்டிலேயே பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுத்து, இதே செட்டிங்ஸோடு புது ஃபைலாகச் சேமித்துவிடுங்கள். 80 பக்க ஃபைல் 40 பக்கமாகிவிடும். அதைப் பென்டிரைவில் கொண்டுபோய், "அண்ணா, முன்னும் பின்னும், ஷார்ட் எட்ஜ்" என்று சொன்னால் சரி.